சமாதானக் கூட்டத்தில் ஒரு நாற்காலி குறைவு

வருவாய்த் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, பட்டா மாற்றுவதையும் சான்றிதழ் கொடுப்பதையும் உங்களுக்குச் சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது சமாதானத்தைப் பற்றி. அதை எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தர மாட்டார்கள். ஆனால் ஊரில் எங்கே இரண்டு பேர் ஒருவன் சட்டையை ஒருவன் பிடித்தாலும், "போய்ச் சமாதானம் பண்ணிட்டு வாங்க" என்று உங்களைத்தான் அனுப்புவார்கள். கூடவே ஒரு ஜீப்பையும் அனுப்புவார்கள். அதில் டீசல் இருக்காது.

நான் பழவேற்காடு ஏரிப் பக்கம் வருவாய் ஆய்வாளராக இருந்த காலத்தில் சமாதானத்தை மொத்த வியாபாரமாகச் செய்திருக்கிறேன். அதில் தெரிந்துகொண்ட முதல் பாடம், எல்லோரும் சமாதானம் வேண்டும் என்று சொல்வார்கள், ஆனால் இரண்டு பேர் கேட்பது ஒரே சரக்காக இருக்காது. திருப்பாலைவனத்துப் பக்கம் நெல் போடுகிற ஒரு பெரியவரிடம் கேட்டேன். "உப்புத் தண்ணி வரப்பைத் தாண்டாம இருந்தா அதாம்மா எங்களுக்குச் சமாதானம்" என்றார். கடைத்தெருவில் டீக்கடை வைத்திருந்த பாயைக் கேட்டேன். "ரெண்டு குப்பத்துக்காரனும் என் கடையில உக்காந்து கத்திக்கினு இருந்தா சமாதானம் மேடம். சத்தம் நின்னுச்சுன்னா நான் ஷட்டரை இறக்கிடுவேன்" என்றார். காவல் நிலையத்து உதவி ஆய்வாளருக்கு மண்டை உடையாமல் இருந்தால் சமாதானம். எங்கள் வட்டாட்சியருக்குக் கைப்பேசி அடிக்காமல் இருந்தால் சமாதானம்.

வட்டாட்சியரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என்னைவிட வயதில் சின்னவர், நேரடித் தேர்வில் வந்தவர், நல்ல பிள்ளை. கோபம் வராது, லஞ்சம் வாங்க மாட்டார். அவரிடம் இருந்த ஒரே குறை, கைப்பேசி அடித்தால் கொதிக்கிற எண்ணெயில் கைவிட்டவர் மாதிரி துள்ளுவார். மேலதிகாரிகள் யாரும் கூப்பிடாத ஒரு நாளை வாழ்க்கையில் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய லட்சியம்.

அந்த வருடம் ஏரியில் இரண்டு குப்பங்களுக்கு நடுவில் சண்டை வந்தது. வடகுப்பம், தென்குப்பம் என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயரைப் போட்டால் யார் பெயர் முதலில் வந்தது என்று அதற்கும் ஒரு கூட்டம் போட வேண்டியிருக்கும். இரண்டு ஊருக்கும் கொடுக்கல் வாங்கல் உண்டு, பெண் எடுத்துப் பெண் கொடுத்தவர்கள். அதனால்தான் சண்டை அவ்வளவு காரமாக இருக்கும். அந்நியனை அடிப்பதைவிட மச்சானை அடிப்பதில் ருசி அதிகம்.

ஏரியில் 'பாடு' என்று ஒரு வழக்கம் உண்டு. வலை கட்டும் இடங்களைக் குலுக்கல் போட்டு, இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு என்று முறை வைத்துக்கொள்வார்கள். காலங்காலமாக நடக்கிறது, ரொம்ப நியாயமான ஏற்பாடு. ஒரு புயலுக்குப் பிறகு முகத்துவாரத்தில் மண் தள்ளி, தண்ணீர் போகிற போக்கு மாறிவிட்டது. இறாலுக்குக் குலுக்கலும் தெரியாது, முறையும் தெரியாது. நல்ல இறால் எல்லாம் இரண்டு ஊர் எல்லைக்கும் நடுவில் வந்து நின்றது. அது யார் பாடு என்று ஆரம்பித்தது. வலையை அறுத்தார்கள், கழியைப் பிடுங்கினார்கள். வடகுப்பத்துப் படகு ஒன்றைத் தென்குப்பத்தார் கட்டி வைத்தார்கள். ஒரு பையனுக்குக் கையில் தையல் போடும்படி ஆனது. வட்டாட்சியரின் கைப்பேசி அடித்தது.

அமைதிப் பேச்சுவார்த்தைக்கு நாள் குறித்தோம். இடம், மீன் ஏலம் விடுகிற கொட்டகை. இந்த மாதிரிக் கூட்டத்தில் முக்கியமானது பேச்சு இல்லை பிள்ளைகளே, டீ. போன முறை வடகுப்பத்துக்கு முதலில் டீ கொடுத்துவிட்டார்கள் என்று தென்குப்பத்துத் தலைவர் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு டீ மாஸ்டர்களை ஏற்பாடு செய்து, இரண்டு வாசலிலும் நிறுத்தி, கையை உயர்த்தியதும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தட்டை நீட்டச் சொன்னேன். நாற்காலியும் அப்படித்தான். அந்தப் பக்கம் எத்தனையோ இந்தப் பக்கமும் அத்தனை. அந்தப் பக்கம் சிவப்பு என்றால் இந்தப் பக்கமும் சிவப்பு. எல்லாம் வட்டாட்சியர் அலுவலகத்துப் பிளாஸ்டிக் நாற்காலிகள்.

நாள் முழுக்கக் கத்தினார்கள். கடைசியில் யாரோ ஒரு வழி சொன்னார்கள். நடுவில் இருக்கிற அந்தப் பகுதி உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை இரண்டு வரிசை கழி நட்டுவிடுவோம். நடுவில் யாரும், எந்தக் காரணத்துக்காகவும் நுழையக் கூடாது. எனக்குக் கிடைக்காதது உனக்கும் கிடைக்கக் கூடாது என்பதில் இரண்டு ஊருக்கும் முழு உடன்பாடு. கொட்டகையே கைதட்டியது. வட்டாட்சியர் சந்தோஷத்தில் தன் செலவில் வெள்ளைத் துணி வாங்கிக் கொடுத்து, கழி ஒவ்வொன்றிலும் சமாதானக் கொடி கட்டச் சொன்னார். மறுநாள் அவர் கைப்பேசி அடிக்கவில்லை. எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டார், கெட்டுப்போய்விட்டதோ என்று.

கொஞ்ச நாள் கழித்து ஒரு புகார் வந்தது. இரண்டு குப்பத்து இளைஞர்களும் சேர்ந்து வந்து கொடுத்தார்கள். அடித்துக்கொண்டவர்கள் ஒரே பைக்கில் வந்து இறங்கியதைப் பார்த்து எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. புகார் என்னவென்றால், யாரோ சமாதானத்தைக் கெடுக்கிறார்கள்.

"யாரப்பா?"

"அந்தக் கையால இறால் தடவறவங்க மேடம். தினம் கழி தாண்டி உள்ள வந்துடறாங்க. எவ்ளோ சொல்லியும் கேக்க மாட்டேன்றாங்க. அதான் ரெண்டு ஊரும் சேந்து தொரத்திகினு கீறோம்."

சமாதானத்துக்குப் பிறகு இரண்டு ஊரும் ஒற்றுமையாகச் செய்த முதல் காரியம் இது.

மறுநாள் காலையில் ஒரு காவலரைக் கூட்டிக்கொண்டு படகில் போனேன். அந்த இடம் இடுப்பளவு ஆழம்கூட இல்லாத திட்டு. பத்துப் பதினைந்து பேர், பாதிக்கு மேல் பெண்கள், கழிக்கு அந்தப் பக்கம் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்துகொண்டிருந்தார்கள். வலை கிடையாது, படகு கிடையாது. இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறாலைப் பிடிப்பார்கள். பிடித்ததைப் போடுவதற்கு ஓலையில் முடைந்த பறி. இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டுக் கொள்வார்கள். பாடு முறையில் இவர்களுக்குப் பங்கு இல்லை. எந்தக் குலுக்கலிலும் இவர்கள் பெயர் வராது. கரை ஓரத்தில் குடிசை, அன்றைக்குப் பிடித்தால் அன்றைக்குச் சோறு.

காவலர் எழுந்து நின்று கத்தினார். "ஏம்மா, இது தடை பண்ண இடம்னு தெரியுமா, தெரியாதா?"

பதில் இல்லை.

"வெளிய வரீங்களா, இல்லையா?"

பதில் இல்லை. சளக் சளக் என்று தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

காவலர் என் பக்கம் திரும்பி, "ஒண்ணும் பிரச்சினை இல்லை மேடம். ரொம்ப அமைதியா இருக்காங்க" என்றார்.

கிட்டே இருந்த ஒரு பெண் அதைக் கேட்டு நிமிர்ந்தாள். நாற்பது வயது இருக்கும். தலையில் வெயிலுக்கு ஒரு வெள்ளைத் துணி கட்டியிருந்தாள். அது எங்கள் சமாதானக் கொடி என்பது எனக்கு உடனே தெரிந்தது. சேற்றுக் கையை அலசி, பல்லிலிருந்து கயிற்றை எடுத்து, பறியைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"இன்னா நைனா சொன்ன? அமைதியா? வாயில பறியைக் கவ்விக்கினு எவ பேசுவா? நீ கவ்விக்கினு பேசு பாக்கலாம்."

அவள் பெயர் எல்லம்மா. அப்புறம் அவள் பேசியதை எல்லாம் இங்கே எழுத முடியாது. எழுதக்கூடியதை மட்டும் சொல்கிறேன்.

"அவங்க ரெண்டு பேரும் அடிச்சிக்கினாங்க. நாங்க எவனையாச்சும் அடிச்சோமா? அவங்க சமாதானம் ஆனா எங்களுக்கு இன்னாத்துக்கும்மா வேலை போவணும்? அந்தாண்ட அல்லாம் ஆழம், இந்தாண்ட அல்லாம் அவங்க வலை. ஏரியிலயே எங்க காலு பாவற எடம் இது ஒண்ணுதான். முந்தாநேத்து எங்க பறியைப் புடுங்கி தண்ணியில வுட்டுட்டானுங்க. ரெண்டு ராத்திரி எங்க ஊட்ல அடுப்பு பத்தலை."

"சண்டை நடந்தப்போ நீங்க என்ன பண்ணீங்க?" என்றேன்.

"அப்பதான் நல்லா இருந்துச்சு. அவங்க அடிச்சிக்கினு இருந்தாங்களா, எங்க பக்கம் ஒருத்தனும் திரும்பிப் பாக்கலை. எந்தப் பாவி சமாதானம் பண்ணி வெச்சானோ."

அந்தப் பாவிகளில் ஒருத்தி படகில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது, ஆனால் யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. சேற்றைப் பார்த்துக் கோபப்படவா முடியும்?

இந்த இடத்தில்தான் நீங்கள் யோசிக்க வேண்டும் பிள்ளைகளே. என் நிலையில் இருந்தால் என்ன செய்வீர்கள்? இன்னொரு கூட்டம் போடலாம் என்று வட்டாட்சியரிடம் போனேன். "மேடம், கலெக்டருக்கே சுமுகமா முடிஞ்சுதுன்னு சொல்லியாச்சு. இப்போ திறந்தா மறுபடியும் போன் வரும்" என்றார். அந்த முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இரண்டு தலைவர்களிடமும் தனித்தனியாகப் போய்க் கெஞ்சினேன். வடகுப்பத்துத் தலைவர், "நான் விட்டுடுவேன் மேடம், அவன் ஒத்துக்கணுமே" என்றார். தென்குப்பத்துத் தலைவரும் ஓர் எழுத்து மாறாமல் அதையே சொன்னார். இரண்டு பேரும் நல்லவர்கள், இரண்டு பேருக்கும் முடியாது. ஒப்பந்தம் என்றால் ஒப்பந்தம்தானாம்.

திரும்பி வரும்போது பாய் கடையில் ஒரு டீ குடித்தேன். ஒப்பந்தம் என்றால் ஒப்பந்தம்தான் என்று எனக்குள்ளே சொல்லிப் பார்த்துக்கொண்டேன். இரண்டாவது டீ சொல்வதற்குள் எனக்கு ஒரு கெட்ட யோசனை வந்துவிட்டது.

வட்டாட்சியரிடம் போய், "சார், சிலபேர் ஒப்பந்தத்தை மீறுறாங்க. யாரா இருந்தாலும் கண்டிப்பா அமல்படுத்தட்டுமா?" என்று கேட்டேன். கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "கண்டிப்பா மேடம், கண்டிப்பா" என்றார். யாரா இருந்தாலும் என்று நான் அழுத்திச் சொன்னதை அவர் கவனிக்கவில்லை. கவனிக்கட்டும் என்று நானும் காத்திருக்கவில்லை.

அது ஏரியில் தண்ணீர் வற்றியிருந்த மாதம். படகு போகிற அளவுக்கு ஆழம் நடுவில் ஒரே ஓர் ஓடையில்தான் இருந்தது. கழி நட்ட பட்டையை அந்த ஓடை குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. வடகுப்பத்தார் பிடித்த இறாலை ஐஸ் லாரி நிற்கிற தெற்குத் துறைக்கு அந்த வழியாகத்தான் கொண்டுபோக வேண்டும். தென்குப்பத்தார் கடலுக்குப் போக வடக்கே முகத்துவாரத்துக்கு அந்த வழியாகத்தான் போக வேண்டும். ஒரு சனிக்கிழமைக் காலை, அதாவது ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குச் சரக்கு போகிற நாள், நான் அதே காவலரோடு போய் அந்த ஓடையில் படகைக் குறுக்கே நிறுத்தி, குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் படகு வடக்கிலிருந்து வந்தது. கையைக் கூப்பினேன். "தம்பி, யாரும் எந்தக் காரணத்துக்காகவும் உள்ளே வரக்கூடாது. உங்க ஊர்த் தலைவர் சம்மதிச்சது."

"மேடம், நாங்க வலை போட வரலை. சும்மா தாண்டிப் போறோம்."

"தாண்டிப் போறதுக்கும் உள்ளே வரணுமே."

தெற்கிலிருந்து வந்த படகுக்கும் அதே கும்பிடு, அதே வசனம். கொஞ்ச நேரத்தில் இரண்டு பக்கமும் படகுகள் வரிசை கட்டின. எஞ்சினை நிறுத்திவிட்டுக் கத்தினார்கள். ஐஸ் உருகி ஓரமாக வழிய ஆரம்பித்தது. ஒருவன், "நீங்க மட்டும் உள்ள கீறீங்களே மேடம், அது மட்டும் நாயமா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. "ஆமாம்ப்பா, என் மேலயும் ஒரு புகார் எழுதிக் குடு" என்றேன்.

தெற்கேயிருந்து வந்த ஒரு படகில் தாய்மாமன் சீர் இருந்தது. தென்குப்பத்து மாமன், வடகுப்பத்துத் தங்கை மகளுக்குக் காது குத்தப் போகிறான். தாம்பாளத்தில் பழம், பட்டுப் பாவாடை, படகின் முனையில் மாலை போட்ட ஒரு கிடா. விருந்துக்குப் போகிற கிடா என்று சொல்ல வேண்டியதில்லை. அவ்வளவு கூச்சலிலும் அது மட்டும் நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. அன்றைக்கு ஏரியில் என் சமாதானம் பிடித்திருந்த ஒரே ஜீவன் அதுதான்.

சிரித்துக்கொண்டே சொல்கிறேனே தவிர, அப்போது எனக்குப் பயம்தான். வெயில் ஏற ஏறக் குரல்கள் மாறின. ஓர் இளைஞன் துடுப்பைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். காவலர் படகின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். ஒரு துடுப்பு ஒரு தலையில் விழுந்தால் போதும், என் யோசனை எல்லாம் குற்றப்பத்திரிகை ஆகிவிடும். விலகிவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அப்போது கழிக்கு வெளியே பார்த்தேன். எல்லம்மாவும் அவள் ஆட்களும் கரையோரமாக முழங்கால் தண்ணீரில் வரிசையாக நின்றிருந்தார்கள். பறி காலியாகத் தோளில் தொங்கியது. ஒரு காலை நேரம் வழி அடைத்ததற்கு இவர்களுக்கு இவ்வளவு கோபம் வருகிறதே, அவர்களுக்கு எத்தனை நாளாக அடைத்திருக்கிறோம் என்று தோன்றியது. விலகவில்லை. குடையை மட்டும் மடக்கி வைத்தேன், தேவைப்பட்டால் கையில் ஏதாவது இருக்கட்டும் என்று.

வட்டாட்சியரின் கைப்பேசி அடிக்க ஆரம்பித்திருக்க வேண்டும். ஏனென்றால் என்னுடையது அடித்தது. "மேடம், என்ன பண்றீங்க அங்க?"

"நீங்க சொன்னதைத்தான் சார். கண்டிப்பா."

 அத்தோடு அவர் வாயிலும் ஒரு பறி மாட்டிக்கொண்டது.

இரண்டு தலைவர்களும் வந்து சேர்ந்தார்கள். வடகுப்பத்துத் தலைவர் இந்தப் பக்கம், தென்குப்பத்துத் தலைவர் அந்தப் பக்கம், நடுவில் நான்.

"மேடம், ஒப்பந்தம்னா அது வலைக்குத்தான். போறதுக்கு வரதுக்கு இல்ல."

"அப்படி எங்கேயும் சொல்லலையே."

"சொல்லலைன்னா இன்னா, புரிஞ்சிக்கிறதுதான்."

"சரி, புரிஞ்சுக்கிறேன். வலை போடக் கூடாது. படகு போகலாம். கையை விட்டால்?"

இரண்டு தலைவர்களும் எல்லம்மா நின்ற பக்கம் பார்த்தார்கள். அப்புறம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சீர் கொண்டுவந்த மாமன், "மச்சான், நல்ல நேரம் போய்கினே கீது, சீக்கிரம் சொல்லுங்க!" என்று அலறினான்.

"இன்னிக்குச் சாயங்காலமே கூட்டம் போடுங்க. இப்ப வழியை வுடுங்க" என்றார் தென்குப்பத்தார்.

"நான் சொல்ல வந்தேன், அவன் சொல்லிட்டான்" என்றார் வடகுப்பத்தார்.

வழியை விட்டேன். முதலில் போனது சீர்ப் படகு. கிடா என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனது. அதற்கு நான் துரோகிதான்.

சாயங்காலம் அதே கொட்டகை, இரண்டு டீ மாஸ்டர்கள், இரண்டு பக்கமும் சரிசமமாகச் சிவப்பு நாற்காலிகள். எல்லம்மாவையும் வரச் சொல்லியிருந்தேன். வந்தாள். வாசலுக்குப் பக்கத்தில், பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றாள். கொட்டகையில் சேறும் இல்லை, இறாலும் இல்லை. எதற்கு என்று எனக்குப் புரிந்தது. சிரிப்பை அடக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

இரண்டு தலைவர்களும் பேசி முடித்தார்கள். படகு போகலாம், வலை கூடாது, மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்த 'மற்றது' வாசலில் நின்றுகொண்டிருந்தது. வட்டாட்சியர் அவசரமாக அந்தப் பக்கம் திரும்பினார். "என்னம்மா, உங்க பக்கம் ஆட்சேபணை ஒண்ணும் இல்லையே?"

எல்லம்மா பேசவில்லை.

"ஆட்சேபணை இல்லை" என்று சொல்லிக்கொண்டே பேனாவைத் திறந்தார்.

"சார், அவங்க வாயில பறி இருக்கு" என்றேன்.

கொட்டகை முழுக்க அவளைப் பார்த்தது. எல்லம்மா நிதானமாகக் கயிற்றை எடுத்தாள்.

"சார், எனக்கு ஒரு சந்தேகம். இந்த நாற்காலில உக்காரணும்னா இன்னா பண்ணணும்? போன வாட்டியும் பாத்தேன், இந்த வாட்டியும் பாக்கறேன், சண்டை போட்டவங்களுக்கு மட்டும்தான் போட்டு வெக்கிறீங்க. அதான் சட்டம்னா சொல்லுங்க. நாளைக்கே ரெண்டு மண்டையை ஒடச்சிட்டு வந்து குந்திக்கிறேன். இந்தாண்ட ஒண்ணு, அந்தாண்ட ஒண்ணு. சரிசமமா."

யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். அப்புறம் இரண்டு பக்கமும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வேலைக் காலத்தில் நான் நடத்திய கூட்டங்களை எல்லாம் நினைத்துப் பார்த்தேன். அத்தனையிலும் அவள் சொன்னதுதான் சட்டம்.

வடகுப்பத்துத் தலைவர் எழுந்து தன் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். "குந்தும்மா."

உடனே தென்குப்பத்துத் தலைவரும் எழுந்து தன் நாற்காலியைத் தள்ளினார். ஒரு பக்கம் மட்டும் ஒரு நாற்காலி குறைந்தால் என்ன ஆவது? இரண்டு ஊர்ப் பெருமையும் அவள் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் நின்றது. எல்லம்மா ஒன்றில் உட்கார்ந்தாள், இன்னொன்றில் பறியை வைத்தாள். பறியிலிருந்து சொட்டிய ஏரித் தண்ணீர் நாற்காலியின் காலருகே தேங்கியது. "டீ இல்லையா?" என்று கேட்டாள். நான் கையை உயர்த்தியதும் இரண்டு மாஸ்டர்களும் பாய்ந்து வந்தார்கள்.

புது ஒப்பந்தம் இப்படி ஆனது. நடுப் பட்டையில் படகு போகலாம், ஆனால் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கழியால் தள்ளிக்கொண்டு போக வேண்டும். வலை யாருக்கும் கூடாது. கையால் பிடிக்கலாம். யாரும் யாருடைய பறியையும் தொடக்கூடாது. யாருக்கும் வேண்டாம் என்று ஒதுக்கிய இடம், ஏரியில் முதல்முறையாக எல்லம்மாவின் ஆட்களுக்கென்று ஆனது. வலை போடுகிற ஆசை எந்த ஊருக்கு வந்தாலும் இன்னோர் ஊர் விடாது. இதைவிடப் பெரிய காவல் எந்த அரசாங்கத்தாலும் போட முடியாது.

கலையும்போது எல்லம்மா ஒரு நாற்காலியைத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டாள்.

"அம்மா, அது அரசாங்கச் சொத்து" என்று வட்டாட்சியர் பதறினார்.

"தெரியும் சார். அடுத்த வாட்டி கூட்டம் போடுவீங்க. ஒரு நாற்காலி கொறையும். யாரு எடுத்துகினு போனான்னு ரோசனை பண்ணுவீங்க. அப்ப என்னைக் கூப்புட்டே ஆவணும்ல?"

வட்டாட்சியர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். கைப்பேசி அடித்தது. அவர் எடுத்துப் பேசி முடிப்பதற்குள் நாற்காலி கரை இறங்கிப் போய்விட்டது.

அதை அவள் வீட்டில் போட்டுக்கொள்ளவில்லை. திட்டின் நடுவில், நான்கு கழி நட்டு அவற்றோடு கட்டிவிட்டாள். தண்ணீருக்கு மேல் சிவப்பாக, இரண்டு கரைக்கும் தெரியும்படி. ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை அந்தப் பக்கம் போயிருந்தேன். வெள்ளைக் கொடிகள் ஒன்றுகூட இல்லை. நாற்காலி மட்டும் வெளுத்துப்போய் நின்றது, அதில் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தது. ஒரு படகு அதைக் கண்டதும் எஞ்சினை நிறுத்திக் கழியால் தள்ளிக்கொண்டு போனதைப் பார்த்தேன். என் வாழ்க்கையில் நான் பார்த்த சமாதானத்தில் அதைத்தான் கொஞ்சம் நம்புகிறேன்.

இதை இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், போன மாதம் உங்களில் ஒரு தம்பி எனக்குப் போன் செய்தார். அலுவலகத் தணிக்கையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கணக்கில் குறைகிறதாம். கடைசியாக அது எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும் என்று யாரோ சொன்னார்களாம்.

தெரியும் தம்பி. ஏரியில் இருக்கிறது. போய்ப் பாருங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டுப் போங்கள். கிட்டே எல்லம்மா இருப்பாள். நாற்காலியை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேளுங்கள். அவள் பேச மாட்டாள். ஆட்சேபணை இல்லை என்று எழுதிக்கொண்டு வந்துவிடாதீர்கள். அவள் வாயிலிருந்து பறியை எடுக்கிற வரைக்கும் நில்லுங்கள்.